சிலாங்கூர் எஃப்சி: கோலாலம்பூரில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கோலாலம்பூரின் செந்தூல்காரன். அப்பா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். பத்து வயதில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மெர்டேக்கா அரங்கத்துக்குப் போனதிலிருந்து இன்று வரை எனக்கு ஒரே காற்பந்து அணிதான், சிலாங்கூர். இப்போது அக்காள் பிள்ளைகளும் ஆபீஸ் தம்பிகளும் லிவர்பூல், மேன்செஸ்டர் என்று விடியற்காலை வரை கண் விழித்துப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும், அதில் தப்பில்லை. ஆனால் நம் ஊர் அணியைப் பற்றி அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குச் சாப்பாட்டு மேசையில் துண்டு துண்டாகப் பதில் சொன்னால் பாதிதான் காதில் விழுகிறது. அதனால்தான் மொத்தமாக உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

சங்கம் ஆரம்பித்தது 1936 என்கிறார்கள். அப்புறம் எப்படி 1922-லேயே கிண்ணம் வென்றார்கள்?

சிலாங்கூர் காற்பந்துச் சங்கம் முறைப்படி அமைந்தது 1936-ல்தான். ஆனால் அதற்கு முன்பே கோலாலம்பூரில் கிளப்புகள் இருந்தன, அவற்றுக்குள் போட்டிகள் நடந்தன, அந்த ஆட்டக்காரர்களிலிருந்து ஒரு மாநில அணியைப் பொறுக்கி எடுத்து மற்ற மாநிலங்களோடு மோதவிடும் வழக்கமும் இருந்தது. சங்கத்துக்குத்தான் 1936, அணி அதைவிட மூத்தது.

கிண்ணத்தின் கதை இன்னும் சுவையானது. எச்எம்எஸ் மலாயா என்று ஒரு போர்க்கப்பல். கூட்டு மலாய் மாநிலங்கள் காசு கொடுத்து பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கட்டிய கப்பல் அது. அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்றால் ஈயத்திலிருந்தும் ரப்பரிலிருந்தும்தான். ரப்பர் என்றால் அதைச் சீவியவர்களில் நம் கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டிகளும் உண்டு, அதை நான் சொல்லாமல் விடமாட்டேன். 1921-ன் தொடக்கத்தில் அந்தக் கப்பல் மலாயாவுக்கு வந்தது. இங்கே கிடைத்த வரவேற்புக்கு நன்றியாகக் கப்பலில் இருந்தவர்கள் இரண்டு கிண்ணங்களைக் கொடுத்தார்கள், ஒன்று காற்பந்துக்கு, இன்னொன்று ரக்பிக்கு. காற்பந்துக் கிண்ணத்துக்கான முதல் போட்டி அதே ஆண்டு நடந்தது. இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் 2-1 என்று சிலாங்கூரைத் தோற்கடித்தது. மறு ஆண்டே, 1922-ல், கிண்ணம் சிலாங்கூருக்கு வந்துவிட்டது. இன்றைய மலேசியக் கிண்ணம் அந்த மலாயா கிண்ணத்தின் தொடர்ச்சி. 1967-ல்தான் பெயரும் கிண்ணமும் மாறின.

கோலாலம்பூரில் இருந்துகொண்டு ஏன் சிலாங்கூருக்குக் கைதட்டுகிறீர்கள்? கோலாலம்பூருக்குத் தனி அணி இருக்கிறதே?

இதுதான் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி. வெளியூரிலிருந்து இங்கே வேலைக்கு வந்தவர்களுக்கு இது நிஜமாகவே குழப்பமாக இருக்கிறது.

1974 பிப்ரவரி 1-ஆம் தேதிக்கு முன்னால் கோலாலம்பூர் சிலாங்கூர் மாநிலத்தைச் சேர்ந்த ஊர், அதுவும் அதன் தலைநகர். அந்தத் தேதியில்தான் அது கூட்டரசுப் பிரதேசம் ஆனது. ஃபெடரல் ஹைவேயில் பெட்டாலிங் ஜெயா பக்கம் போகும்போது ஒரு பெரிய வளைவு வருமே, கோத்தா டாருல் ஏசான், அதை எழுப்பியது அந்தப் பிரிவின் நினைவாகத்தான். நாள்தோறும் ஆயிரக்கணக்கானவர்கள் நெரிசலில் அதைக் கடந்து போகிறார்கள், எதற்காக அது நிற்கிறது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது.

ஆக, என் அப்பா சின்ன வயதில் செந்தூலில் இருந்தபோது அவர் சிலாங்கூர்வாசி. ஒருநாள் காலையில் எழுந்தார், வீடு அதே இடத்தில் இருந்தது, மாநிலம் மட்டும் மாறிவிட்டது. அதற்காக அணியை மாற்ற முடியுமா? சிலாங்கூர் அணியும் பல ஆண்டுகள் கோலாலம்பூரின் நடுவிலிருந்த மெர்டேக்கா அரங்கத்தில்தான் தொடர்ந்து ஆடியது. எல்லைக்கோடு காகிதத்தில் மாறியது, பஸ் பிடித்துப் போகிற இடம் மாறவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செந்தூலை ஒட்டியிருக்கும் செத்தாப்பாக்கில் பிறந்த மூன்று பேரைப் பாருங்கள்: மொக்தார் டஹாரி, சந்தோக் சிங், கே. ராஜகோபால். ஒருவர் மலாய்க்காரர், ஒருவர் பஞ்சாபி, ஒருவர் நம்மவர். மூன்று பேரும் சிலாங்கூருக்கு ஆடினார்கள், மூன்று பேரும் நாட்டுக்கு ஆடினார்கள். கோலாலம்பூர்காரன் ஏன் சிலாங்கூர் பக்கம் என்று யாராவது கேட்டால் நான் வரைபடத்தை விரிப்பதில்லை, இந்த மூன்று பெயர்களைச் சொல்கிறேன்.

அப்படியென்றால் கோலாலம்பூர் அணியைப் பிடிக்காதா?

யார் சொன்னது? 1987, 1988, 1989 என்று தொடர்ந்து மூன்று ஆண்டு மலேசியக் கிண்ணத்தை வென்ற அணி அது. மூன்று இறுதியாட்டத்திலும் எதிரில் நின்றது கெடா. அப்புறம் 2021-ல் புக்கிட் ஜாலிலில் ஜொகூர் டாருல் தாக்சிம் அணியை 2-0 என்று தோற்கடித்து மறுபடியும் கிண்ணத்தைத் தூக்கினார்கள், அன்றைக்கு நானும் கைதட்டினேன். மரியாதை உண்டு. மனசு மட்டும் சிலாங்கூரின் சிவப்பு மஞ்சளிடம் போய்விட்டது.

33 மலேசியக் கிண்ணம் என்பது உண்மைக் கணக்குதானா?

உண்மைதான். மலாயா கிண்ணக் காலத்தையும் சேர்த்துத்தான் 33. இரண்டாவது இடத்தில் சிங்கப்பூர், 24. அவர்கள் 1994-க்குப் பிறகு விலகிவிட்டதால் அந்த எண்ணிக்கை அப்படியே நின்றுவிட்டது.

வெறும் எண்ணாகப் பார்த்தால் இதன் கனம் தெரியாது. 1968 முதல் 1986 வரை 19 ஆண்டுகளில் சிலாங்கூர் 13 முறை கிண்ணத்தை வென்றது. 1968 இறுதியாட்டத்தில் பினாங்கை 8-1 என்று புரட்டி எடுத்தார்கள். இறுதியாட்டத்தில் எட்டு கோல்! பினாங்கில் இருக்கும் என் சித்தப்பாவிடம் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேச முடியாது, உடனே 1974-ல் நாங்கள் வென்றோமே என்று ஆரம்பித்துவிடுவார். அவர் சொல்வதும் சரிதான், அந்த வருடம் கிண்ணம் பினாங்குக்குத்தான் போனது.

நான் முதன்முதலில் பார்த்தது 1986 இறுதியாட்டம். எதிரில் ஜொகூர். ஆட்டம் 6-1 என்று முடிந்தது. பத்து வயதுப் பையனுக்கு இதைவிட நல்ல முதல் ஆட்டம் கிடைக்குமா? எனக்கு நினைவில் நிற்பது கோல்களைவிட வேறு விஷயங்கள். அரங்கத்துக்கு வெளியே தள்ளுவண்டியில் கச்சாங் பூத்தே விற்றவர் நம்மவர். பழைய டெலிபோன் புத்தகத்துத் தாளைக் கூம்பாகச் சுருட்டி, அடியை ஒரு திருகு திருகி, அதில் வறுத்த கடலையும் முறுக்குத் துண்டும் போட்டுக் கொடுத்தார். அப்பா அதை என் கையில் வைத்து, "மெதுவா சாப்பிடு, ரெண்டாவது பாதி வரைக்கும் வரணும்" என்றார். முதல் பாதியிலேயே தீர்ந்துவிட்டது. மிச்சமிருந்த வெறும் கூம்பை ஆட்டம் முடியும்வரை கையில் இறுக்கிப் பிடித்திருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளங்கை முழுக்க அச்சு மை.

மெர்டேக்கா அரங்கம் சிலாங்கூருடையதா?

சொந்தம் என்று சொல்ல முடியாது, நாட்டுக்காகக் கட்டியது. 1957 ஆகஸ்ட் 30-ஆம் தேதி திறந்தார்கள், மறுநாள் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அங்கே நின்றுதான் சுதந்திரத்தை அறிவித்தார். ஆனால் பல ஆண்டுகள் சிலாங்கூர் ரசிகர்களுக்கு அதுதான் வீடு. இப்போது அதன் தலைக்கு மேல் மெர்டேக்கா 118 கோபுரம் நிற்கிறது. பெட்டாலிங் ஸ்திரீட் பக்கம் போனால் ஒருமுறை ஏறிப் போய்ப் பாருங்கள்.

சூப்பர்மோக் என்று சொல்கிறார்களே, அவர் அவ்வளவு பெரிய ஆளா?

ஆமாம். மொக்தார் டஹாரி, 1953-ல் பிறந்தவர். நாட்டுக்காக 89 கோல் அடித்தவர் என்று ஃபிஃபா கணக்கு சொல்கிறது. மெஸ்ஸி, ரொனால்டோ பெயர்கள் வரும் அனைத்துலகப் பட்டியலில் மேல் வரிசையில் இவர் பெயரும் இருக்கிறது.

1975-ல் ஆர்செனல் இங்கே வந்தபோது மெர்டேக்கா அரங்கத்தில் சிலாங்கூர் தேர்வு அணி 2-0 என்று ஜெயித்தது. இரண்டு கோலும் மொக்தார் அடித்தது. ஆர்செனல் சட்டை போட்டுத் திரியும் என் அக்காள் மகனிடம் இதைச் சொன்னபோது நம்பவே இல்லை, போனில் தேடிப் பார்த்துவிட்டு அமைதியாக வந்து உட்கார்ந்தான்.

1978-ல் இங்கிலாந்து 'பி' அணிக்கு எதிராகத் தேசிய அணிக்கு ஆடி, பந்தைத் தன் பாதியிலிருந்து தனியாகவே கொண்டுபோய் ஒரு கோல் அடித்தார். ஆட்டம் 1-1 என்று முடிந்தது. அந்தக் கோலைப் பற்றி எங்கள் வட்டார மாமாக்கள் பேசிக் கேட்கணும். கையில் தே தாரிக் கிளாஸை வைத்துக்கொண்டு, மேசைமேல் உப்பு ஜாடி, சாஸ் போத்தல் எல்லாவற்றையும் இங்கிலாந்து தற்காப்பு ஆட்டக்காரர்களாக நிறுத்தி, ஸ்பூனை மொக்தாராக ஓட்டிக் காட்டுவார்கள்.

இயக்க நரம்புகளைத் தாக்கும் நோய் வந்து 1991 ஜூலையில் போய்விட்டார். 37 வயதுதான். அவ்வளவு பலமான கால்களுக்குப் போய் அந்த நோய் வந்ததை என் அப்பாவால் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

அவருக்கு முந்தைய தலைமுறையில் அப்துல் கனி மின்ஹாட் இருந்தார். 'ராஜா போலா', அதாவது பந்து ராஜா என்று அழைக்கப்பட்டவர். எங்கள் தாத்தா காலத்து ஆட்களுக்கு அவர்தான் எல்லாம்.

ஆறுமுகத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

இந்தக் கேள்வியை யாரும் கேட்காவிட்டாலும் நானே கேட்டுப் பதில் சொல்லியிருப்பேன்.

ஆர். ஆறுமுகம், கோல் காவலர். 1953-ல் பிறந்தவர். மொக்தாருக்கும் அதே ஆண்டுதான். கைகள் நீளம், எந்த மூலைக்குப் பந்து போனாலும் எட்டிப் பிடிப்பார் என்பதால் 'ஸ்பைடர்மேன்' என்று நாடே அழைத்தது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் எல்லாருக்கும் அவர் ஸ்பைடர்மேன்தான். எழுபதுகளில் சிலாங்கூரும் மலேசியாவும் பெற்ற பெரிய வெற்றிகளில் பின்னால் கோல் கம்பத்தில் நின்றவர் அவர்.

1980 ஏப்ரலில் மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கான தகுதியாட்டம், மெர்டேக்கா அரங்கம், எதிரில் தென்கொரியா. மலேசியா 2-1 என்று வென்றது. ஹசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் அடித்த கோல்தான் எல்லாருக்கும் தெரியும். அந்த இருவரும் சபாக்காரர்கள். ஆனால் அன்றைக்குக் கொரியர்கள் அலை அலையாக வந்தார்கள், கோல் கம்பத்தில் நின்றவர் ஆறுமுகம், அவருக்கு முன்னால் தற்காப்பில் நின்றவர்கள் சந்தோக் சிங்கும் சோ சின் ஆனும். தகுதி பெற்றும் மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் ஒருவரும் மாஸ்கோ போகவில்லை. அந்த வருத்தம் அந்தத் தலைமுறையில் யாரிடம் பேசினாலும் இன்றும் வெளியே வரும்.

1988 டிசம்பரில் சாலை விபத்தில் ஆறுமுகம் இறந்தார். வயது 35. எனக்கு அப்போது பன்னிரண்டு. அப்பா காலையில் ரேடியோவை அணைத்துவிட்டுச் சமையலறை வாசலில் நின்றார். அம்மா என்னவென்று கேட்டதற்கு, "ஆறுமுகம்" என்று மட்டும் சொன்னார். எந்த ஆறுமுகம் என்று அம்மா கேட்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் திடலில் விளையாடப் போனபோது கோல் காவலராக நிற்க நான் நீ என்று எல்லாரும் முந்தினோம். மற்ற நாளில் அந்த இடத்துக்கு யாரும் வரமாட்டோம், தள்ளிவிட்டுத்தான் நிற்கவைக்க வேண்டியிருக்கும்.

இன்றைக்கு நம் பிள்ளைகளிடம் ஸ்பைடர்மேன் யார் என்று கேட்டால் வேறு ஆளைச் சொல்கிறார்கள். வீட்டில் ஒருமுறையாவது இந்தப் பெயரைச் சொல்லிக் கொடுங்கள்.

சிலாங்கூரில் வேறு நம்மவர்கள் யார் யார்?

முழுப் பட்டியல் போட்டால் நீண்டுவிடும், எனக்கு முக்கியமாகப் படுகிறவர்களை மட்டும் சொல்கிறேன்.

எம். சந்திரன், தற்காப்பு ஆட்டக்காரர். 1974-ல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற மலேசிய அணியில் இருந்தவர்.

கே. ராஜகோபாலைப் பற்றி முன்பே சொன்னேன். ஆடிய காலத்தைவிடப் பயிற்றுநராக வந்த பிறகுதான் அவருடைய பெயர் எல்லா வீட்டுக்குள்ளும் நுழைந்தது. 2010-ல் தென்கிழக்காசியக் கிண்ணத்தை, அப்போது சுசுகி கிண்ணம் என்றார்கள், மலேசியா முதன்முறையாக வென்றபோது அவர்தான் தேசியப் பயிற்றுநர். இறுதிச்சுற்றின் முதல் ஆட்டம் புக்கிட் ஜாலிலில், இந்தோனேசியாவுக்கு எதிராக 3-0. அதில் இரண்டு கோல் சிலாங்கூரின் சஃபீ சாலி அடித்தது. ஜகார்த்தாவில் 2-1 என்று தோற்றாலும் மொத்தக் கணக்கில் 4-2 என்று கிண்ணம் நமக்கு வந்தது. கூட்டத்திலிருந்து லேசர் அடித்தார்கள் என்று அந்த இரண்டு ஆட்டத்தைச் சுற்றி எழுந்த சண்டையை இன்னும் பலர் பேசுகிறார்கள், நான் ராஜகோபால் ஓரத்தில் கைகட்டி நின்றதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அப்புறம் கே. தேவன். இவரைச் சரியாகக் கொண்டாடவில்லை என்பது என் ஆதங்கம். சிலாங்கூர் 2009-லும் 2010-லும் தொடர்ந்து நாட்டின் மேல் பிரிவான சூப்பர் லீக்கை வென்றதே, 2009-ல் கிளந்தானைப் பெனால்டியில் வீழ்த்தி எஃப்ஏ கிண்ணத்தையும் எடுத்ததே, அப்போது பயிற்றுநர் இவர்தான். அதற்குப் பிறகு இன்று வரை சிலாங்கூர் லீக் பட்டம் வெல்லவில்லை. கடைசியாக லீக்கை வென்று கொடுத்தவர் ஒரு தமிழர் என்பதை நம்மில் எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறோம்?

நம்மவர்களுக்கென்று தனி கிளப் எதுவும் இருந்ததில்லையா?

இருந்தது. பழைய கதையிலிருந்து ஆரம்பித்தால், கோலாலம்பூரில் டிபிசிஏ என்று தமிழர்களின் உடற்பயிற்சிக் கழகம் 1914-லேயே தோன்றியது. சவ் கிட் பக்கம் ஜாலான் ராஜா மூடாவில் அதன் திடல். அந்தக் காலத்தில் கிளப்புகள் இனவாரியாகத்தான் இருந்தன, வெள்ளைக்காரர்களுக்கு ஒன்று, சீனர்களுக்கு ஒன்று, நமக்கு ஒன்று. மாநில அணிக்கு ஆள் எடுக்கும்போதுதான் எல்லாரும் ஒரே சட்டையைப் போட்டார்கள். சிலாங்கூர் அணி மேல் எனக்கு இருக்கும் பற்றுக்கு அதுவும் ஒரு காரணம்.

அண்மைக் கதை மீஃபா. மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் அணி 2017-ல் நம் நாட்டின் இரண்டாம் பிரிவான பிரீமியர் லீக்கிற்கு வந்தது, 2019-ல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாற்றிக்கொண்டு சூப்பர் லீக்கிலேயே ஆடியது. அணியில் பெரும்பாலும் நம் பையன்கள். 2022-ல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல், பி. மணியம் பயிற்சியில், பெரிய பெரிய அணிகளோடு மோதினார்கள். நானும் பல ஆட்டங்களுக்குப் போனேன், கூட்டம் குறைவுதான், ஆனால் ஆட்டக்காரர்களின் அம்மாக்கள் டிபன் கேரியரோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். 2023 பருவம் தொடங்குவதற்கு முன்பே அணி லீக்கிலிருந்து விலகிவிட்டது. சிலாங்கூர் ரசிகனாக இருந்தும் அந்தச் செய்தி எனக்கு வலித்தது. ஒரு வாசல் மூடியது என்றால் அந்த வாசலில் வரிசையில் நின்ற பதினெட்டு வயதுப் பையன்கள் எங்கே போவார்கள்?

தொண்ணூறுகளில் லஞ்ச விவகாரம் வந்ததே, அது என்ன?

1994-ல் நம் நாட்டில் காற்பந்து முழுநேரத் தொழில்முறைக்கு மாறியது, அதற்கு முன்னால் 1989 முதல் பாதித் தொழில்முறை. மாறிய கையோடு ஆட்ட முடிவுகளை விலைக்கு விற்ற விவகாரம் வெடித்தது. ஒரு மாநிலம் இரண்டு மாநிலம் இல்லை, நாடு முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள், பல பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள், சிலரை அரசே சொந்த ஊரைவிட்டு வேறு மாவட்டத்துக்கு அனுப்பி வைத்தது. ஒரு தலைமுறையே போனது.

அதன் பாதிப்பு எண்ணிக்கையில் தெரியாது, வீட்டில் தெரிந்தது. எங்கள் அப்பா அதற்குப் பிறகு கோல் காவலர் ஒருவர் பந்தைத் தவறவிட்டால் "தவறவிட்டானா, விட்டுட்டானா?" என்று கேட்க ஆரம்பித்தார். முன்பெல்லாம் அப்படிக் கேட்கத் தோன்றாது. சிலாங்கூர் அந்த மோசமான காலத்துக்கு உடனே பின்னால் 1995, 1996, 1997 என்று மூன்று மலேசியக் கிண்ணங்களைத் தொடர்ந்து வென்றது, அஸ்மான் அட்னான் போன்றவர்கள் ஆடிய அணி. அவர்களால்தான் எங்களைப் போன்றவர்கள் திரும்ப அரங்கத்துக்கு வந்தோம்.

2005-ல் இரண்டாம் பிரிவில் இருந்துகொண்டே மூன்று கிண்ணம் வென்றது நிஜமா?

நிஜம். 2004-ல் சூப்பர் லீக் தொடங்கியபோது சிலாங்கூருக்கு மேல் பிரிவில் இடம் கிடைக்கவில்லை, பிரீமியர் லீக்கில்தான் ஆட வேண்டியிருந்தது. எங்களுக்கு வெளியே தலைகாட்டவே கூச்சமாக இருந்த காலம். 2005-ல் டொல்லா சாலே பயிற்சியில் பிரீமியர் லீக், எஃப்ஏ கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றும் ஒரே பருவத்தில் வந்தன. இந்தோனேசியாவிலிருந்து வந்த பம்பாங் பமுங்காஸ், எலி ஐபோய் இருவரும் அந்த வருடம் ஆடிய ஆட்டம்! மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் பெர்லிஸை 3-0 என்று வென்றோம், மூன்று கோலும் பம்பாங். கட்டுமானத்தில் வேலை செய்யும் இந்தோனேசியத் தம்பிகள் சிவப்புச் சட்டை போட்டு எங்களுக்குப் பக்கத்தில் நின்று கத்திய ஒரே காலம் அது. ஆட்டம் முடிந்ததும் முகம் தெரியாதவர்களோடு கட்டிப்பிடித்து நின்றோம்.

ஆசிய அளவில் ஏதாவது சாதித்திருக்கிறதா?

1967-ல் ஆசியக் கிளப்புகளுக்கான முதல் போட்டி பாங்காக்கில் நடந்தது. சிலாங்கூர் இறுதியாட்டம் வரை போய் இஸ்ரேலின் ஹப்போயில் டெல் அவீவிடம் 2-1 என்று தோற்றது.

சிலாங்கூரின் வீடாக இருந்த ஷா ஆலம் ஸ்டேடியத்தை ஏன் இடித்தார்கள்?

1994-ல் திறந்தபோது 80,000 பேருக்கு மேல் உட்காரும் அரங்கம். இரண்டு பக்கமும் வில் மாதிரி வளைந்த கூரை, ஹைவேயில் வரும்போதே தெரியும். பிறகு பராமரிப்பு பெரும் செலவாகி, கூரை பழுதாகி, ஆட்டம் நடத்த முடியாத நிலை வந்தது. நடுவில் அணி செலாயாங், செராஸ் என்று வீடு வீடாக மாறியது. 2024-ல் இடிக்கும் வேலை தொடங்கியது. அதே இடத்தில் 45,000 பேர் உட்காரும் புது அரங்கம் கட்டத் திட்டம்.

அங்கே கடைசியாகக் கிடைத்த பெரிய சந்தோஷம் 2015 டிசம்பர் 12. மலேசியக் கிண்ண இறுதியாட்டம், கெடாவுக்கு எதிராக 2-0, இரண்டும் ஹஃபிஸ் கமால். அதுதான் 33-வது கிண்ணம். அன்றைக்கு அப்பாவை அழைத்துப் போனேன். முட்டி வலி, படி ஏற முடியவில்லை, ஒவ்வொரு படிக்கும் ஒருமுறை நின்றார். பின்னால் வந்த மலாய்ப் பையன்கள் இரண்டு பேர் "பாச்சிக் (மாமா), மெதுவாக" என்று சொல்லி இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டார்கள். உட்கார்ந்த பிறகு அவர்களிடம் அப்பா மலாயில் ஆறுமுகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார், அவர்களும் ஆட்டம் தொடங்கும்வரை கேட்டார்கள். அரங்கத்தை இடிக்கும் படம் வந்தபோது அந்தப் படிக்கட்டு எங்கே என்று தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை.

2010-க்குப் பிறகு ஏன் லீக் வெல்ல முடியவில்லை?

ஜொகூர் டாருல் தாக்சிம். 2014-லிருந்து சூப்பர் லீக் அவர்களிடமே இருக்கிறது. பணம் மட்டும் காரணம் என்று நம் ஆட்கள் சொல்வார்கள், எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. பணத்தோடு சேர்த்து, அரங்கம், பயிற்சித் திடல், இளையோர் அணி என்று ஒவ்வொன்றையும் கட்டினார்கள். நாங்கள் அதே காலத்தில் நிலையான திடல்கூட இல்லாமல் அலைந்தோம்.

2020-ல் சங்கத்திலிருந்து பிரிந்து கிளப்பாக, சிலாங்கூர் எஃப்சி என்று மாறிய பிறகு நிலைமை தேறியிருக்கிறது. 2023-ல் லீக்கில் இரண்டாவது, 2024-25-லும் இரண்டாவது. இளையோரை வளர்ப்பதில் இப்போது அக்கறை தெரிகிறது. வி. ருவெந்திரன் போன்ற பெயர் அணித்தாளில் வந்தபோதெல்லாம் எங்கள் வரிசையில் ஒரு சத்தம் கூடுதலாக எழுந்தது.

சிலாங்கூர் ஆட்டக்காரர் ஃபைசால் ஹலிமுக்கு நடந்தது என்ன?

2024 ஜனவரியில் ஆசியக் கிண்ணத்தில் தென்கொரியாவுக்கு எதிராக, ஆட்டம் 3-3 என்று முடிந்ததே, அதில் அவர் அடித்த கோலை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதே ஆண்டு மே 5-ஆம் தேதி பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பேரங்காடியில் அவர்மீது ஆசிட் வீசினார்கள். கடுமையான தீக்காயம், பல அறுவை சிகிச்சைகள். ஆட்டக்காரர்களின் பாதுகாப்பு முக்கியம் என்று சொல்லி சிலாங்கூர் அந்தப் பருவத்தின் தொடக்க ஆட்டத்துக்கே போகவில்லை. அதற்குத் தண்டனையும் வாங்கியது. அந்த முடிவு சரி என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். ஒரு பையன் ஆஸ்பத்திரியில் முகம் கட்டிப் படுத்திருக்கும்போது மற்றவர்களைத் திடலுக்கு அனுப்பி ஓடு என்று சொல்ல முடியாது.

அப்புறம் அவர் மறுபடியும் சிவப்புச் சட்டையில் திடலுக்குள் வந்தார். எங்கள் வரிசையில் இருந்த ஒரு மக்சிக், அதாவது மலாய்ப் பெண்மணி ஒருவர், ஃபைசாலின் பெயரைச் சொல்லி அழுதுகொண்டே கைதட்டினார், அவருக்கும் எனக்கும் பேச்சு எதுவும் நடக்கவில்லை, டிஷ்யூ பாக்கெட்டை மட்டும் இந்தப் பக்கம் நீட்டினார்.

சரி, ஒரு ஆட்டம் பார்க்கணும் என்றால் எங்கே, எப்படி வருவது?

புது அரங்கம் தயாராகும் வரை கெலானா ஜெயாவில் இருக்கும் எம்பிபிஜே ஸ்டேடியம்தான். சுமார் 25,000 பேருக்கு இடம். கார் வேண்டாம், ஆட்ட நாளில் நிறுத்த இடம் கிடைக்காது, எல்ஆர்டி ரயிலில் கெலானா ஜெயா வரை வந்து மிச்சத்தை நடந்துவிடலாம், இல்லையென்றால் கிராப் வாடகைக் கார். டிக்கெட்டை முன்பே இணையத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மெல்லிய மழைக்கோட்டு ஒன்று, குடையை உள்ளே விடமாட்டார்கள். பிள்ளைகளோடு வருவதானால் அல்ட்ராசல் ரசிகர்கள் நிற்கும் பக்கம் வேண்டாம், அவர்கள் தொண்ணூறு நிமிடமும் நின்றுகொண்டே பாடுவார்கள், சின்னப் பிள்ளைக்கு ஆட்டம் கண்ணில் படாது. பாட்டுப் பிடித்தால் அடுத்த முறை அங்கே போகலாம்.

முதல் தடவை வருகிறவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள், வாசலில் நிற்கிறேன். கச்சாங் பூத்தே விற்கிறவர் இப்போதெல்லாம் அரங்கத்துப் பக்கம் வருவதில்லை, நான் வீட்டிலிருந்தே கொண்டு வருகிறேன்.